சூட்டி எழுத மாட்டாள்

கற்பிட்டி
2025 யூலை 3

அன்புள்ள முஸம்மில்,

பத்தொன்பது தடவை போன் எடுத்துப் பார்த்தேன். இருபதாவது தடவையும் எடுத்தால் எனக்கே வெட்கமாகிவிடும் என்று பேனையை எடுத்திருக்கிறேன். மீன்பிடிக் காரியாலயத்தில் முப்பத்திரண்டு வருஷம் கிளார்க்காக இருந்தவனுக்குக் கடிதம் எழுத வராதா என்ன? வரும். ஆனால் கை முதலில் "மேற்படி விடயம் தொடர்பாக" என்றுதான் ஓடுகிறது. மேற்படி விடயம் நீதான்.

சூட்டியும் நானும் வழக்கம்போல விடிய ஐந்தே முக்காலுக்கு வெளிக்கிடுகிறோம். உன் வீட்டுக் கேற்றடிக்கு வந்ததும் அவள் குந்திவிடுவாள். சங்கிலியை இழுத்தால் அசைய மாட்டாள். பதினொரு வயது நாய்க்கு எங்கிருந்து இவ்வளவு பலம் வருகிறதோ தெரியாது. உன் மகள் ஸும்றா ஜன்னல் சீலையை விலக்கிப் பார்த்துவிட்டு மூடிக்கொள்கிறாள். நீ புத்தளத்துக்கு, மகன் அஸ்ஹானின் வீட்டுக்குப் போய் ஆறு கிழமை ஆகிறது என்பதை ஒரு நாய்க்கு எப்படி விளங்கப்படுத்துவது?

சோளகம் இந்த முறை பேய்க் காற்று. போட்டுகள் பாதி கரையில் கிடக்கின்றன. காய வைத்த கருவாட்டுக்கு மேலே வலையை விரித்து நாலு பக்கமும் கல் வைத்திருக்கிறார்கள், அப்படியும் பறக்கிறது. வெள்ளைக்காரர் மட்டும் களப்பில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு பாய்ந்து திரிகிறார்கள். தேத்தண்ணிக் கடை ஹமீட் இன்னமும் முதலை வடிவத்தில் சீனி தூவின ஒரு கிம்புலா பணிஸை உனக்கென்று எடுத்து வைக்கிறான். நேற்று அதை வாங்கி, நீ செய்கிற மாதிரியே வாலை முறித்து, தேங்காய் மட்டையில் வைத்துச் சூட்டிக்குப் போட்டேன். மணந்து பார்த்துவிட்டு அப்பால் போய்விட்டாள். நான் போட்டால் ருசிக்காதாம்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு உங்கள் வீட்டு வட்டிலப்பம் வரவில்லை. முப்பது வருஷத்தில் முதல் தடவை. என் மனுசி றோசமேரி கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் பின்னேரம் வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உனக்கு என்னில் கோபம். பேப்பரில் நான் எழுதுகிற "கரைநடை" பக்கத்தில் மே மாதம் வந்த "ஏழு தடவை கழுவிய கை"தான் காரணம். உன் மனைவி ஹாஜரா மௌத்தாகி, அடக்கம் முடிந்து மூன்று மாதத்துக்குப் பிறகு, பெப்ரவரியில் ஒரு விடியற்காலை, நீ கரையில் குந்தியிருந்து அழுதாய். சூட்டி கடலில் நனைந்த உடம்போடு வந்து உன்னருகில் படுத்தாள். அவளை எப்போதும் ஒரு முழம் தள்ளியே வைத்திருந்த நீ, அன்று அவள் கழுத்தில் கையை வைத்தாய். அழுது முடிந்ததும் எழும்பி, நாயின் ஈரம் பட்டதற்கு உங்கள் மார்க்கம் சொல்கிறபடி ஒரு தடவை மண்ணாலும் ஆறு தடவை தண்ணீராலும் கையைக் கழுவினாய். அதைத்தான் எழுதினேன். பெயர் போடவில்லை. ஆனால் கற்பிட்டியில் என்னோடு நடக்கிற கருவாட்டு முதலாளி வேறு யார்? பள்ளிவாசல் பக்கம் யாரோ பகிடி பண்ணினதாகவும் கேள்விப்பட்டேன். மன்னித்துக்கொள்.

ஆனால் மச்சான், அது நல்ல கட்டுரை. ஏழு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். மட்டக்களப்பிலிருந்து ஒரு ரீச்சர் வாசித்துவிட்டு அழுதாவாம். இதை வைத்துக்கொண்டு நீ ஊரை விட்டுப் போவதா? பதில் போடு.

உன்
தனிஸ்லாஸ்


புத்தளம்
09.07.2025

தனிஸுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் உன்னைப் போல எழுத்தாளன் இல்லை. கருவாட்டுப் பெட்டியில் விலாசம் எழுதிப் பழகின கை. கதைக்கிற மாதிரித்தான் எழுதுவேன், பிழை பிடிக்காதே.

நாய் விஷயம் இல்லை. நாய் விஷயம் என்று நீ இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறாய் பார், அதுதான் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது. பள்ளியில் ஒருத்தன் பகிடி விட்டான், ஓம். மௌலவி அவனைக் கூப்பிட்டு, தாகத்தில் கிடந்த நாய்க்குச் சப்பாத்தால் தண்ணி அள்ளிக் குடுத்த மனிசனை அல்லாஹ் மன்னித்த கதையைச் சொல்லி அனுப்பினார். அது அன்றைக்கே முடிந்தது. கை கழுவினதிலும் எனக்கு வெட்கம் இல்லை. அது என் மார்க்கம்.

அந்தப் பேப்பரை எடு. வெட்டி ஒட்டி வைத்திருப்பாய், எனக்குத் தெரியும். மூன்றாவது பந்தியின் கடைசி வரியை வாசி. அதை நான் இந்த உலகத்தில் உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். பிள்ளைகளிடம் சொல்லவில்லை. மையித்தை அடக்கக் கொண்டு போன அன்றைக்கும் சொல்லவில்லை. ஸும்றா அதைப் பேப்பரில் வாசித்தாள். அன்றிலிருந்து என் மகள் என்னோடு கதைக்கிறாள் இல்லை.

இன்னொன்று. ஏழு தடவை கழுவினேன் என்று எழுதியிருக்கிறாய். நான் அழுதுகொண்டு பழக்கத்தில் கழுவினேன். நான் எண்ணவில்லை. நீ நின்று எண்ணியிருக்கிறாய்.

முஸம்மில்


கற்பிட்டி
2025 யூலை 13

முஸம்மில்,

எடுத்து வாசித்தேன். "வாய்வாக்கும், இஞ்சித் தண்ணி போட்டுக் குடி என்று நெஞ்சு நோகிறதென்ற மனைவியிடம் சொல்லிவிட்டு, லொறிக்குப் பெட்டி ஏற்றப் போன என் நண்பர் பொழுதுபட மஹ்ரிபுக்குத் திரும்பி வந்தபோது, அவரோடு கதைக்க வீட்டில் ஆள் இருக்கவில்லை."

கர்த்தர் சத்தியமாக, இந்த வரியை எழுதினேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. கட்டுரை கையைப் பற்றியது, சூட்டியைப் பற்றியது என்றுதான் என் மண்டையில் இருந்தது. இப்போது கொப்பியைத் திறந்து பார்த்தால் இந்த ஒரு வரியை மட்டும் மூன்று தடவை திருத்தியிருக்கிறேன். "ஆள் இருக்கவில்லை" என்பதற்கு முன்னால் கால்புள்ளி வைப்பதா வேண்டாமா என்று ஒரு பிளேன்டீ ஆறிப் போகும் வரைக்கும் யோசித்தது ஞாபகம் வருகிறது. உன் மகளைப் பற்றி ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை.

றோசமேரியிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். காட்டாமல் இருந்திருக்கலாம். வாசித்துவிட்டு அடுப்படிக்குப் போய் மீன் கழுவிக்கொண்டே சொன்னாள்: "எங்கட அம்மா கடைசிக் காலத்தில பாயை நனைச்சதையும் நீங்கள் எழுதினீங்கள். ஆச்சு எட்டு வருஷம். பேப்பரைக் கொண்டுவந்து காட்டினீங்கள், நான் நல்லாருக்கு எண்டு சொன்னன். வேற என்னத்தைச் சொல்லுறது?" அந்தக் கட்டுரை அவளுக்கு நல்ல விருப்பம் என்று எட்டு வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

சின்னச் சின்ன விஷயங்களை எழுதுகிறவன் என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது. அரசியல் எழுத மாட்டேன், சண்டை எழுத மாட்டேன், நண்டுக் குழியும் தேத்தண்ணியும் நாய் நடையும் எழுதினால் யாருக்கும் நோகாது என்று நினைத்தேன். நீ என்னருகில் நடந்து வருவதும் அந்தச் சின்ன விஷயங்களில் ஒன்றாகப் போய்விட்டது போல.

இப்போது என்ன செய்ய? அடுத்த கிழமைப் பக்கத்தில் ஒரு திருத்தம் போடுகிறேன். "மேற்படி கட்டுரையில் வந்த சம்பவம் கற்பனையே" என்று. ஆசிரியர் போட மாட்டேன் என்றால் சண்டை பிடித்தாவது போடுவிக்கிறேன். உன் சம்மதம் வேண்டும்.

தனிஸ்


புத்தளம்
21.07.2025

தனிஸுக்கு,

திருத்தம் போடாதே. திருத்தம் போட்டால் வாசிக்காதவனும் தேடி எடுத்து வாசிப்பான். இவ்வளவு காலம் பேப்பருக்கு எழுதுகிறவனுக்கு இதுகூட விளங்காதா?

நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வீட்டில் சண்டை ஒன்றும் நடக்கவில்லை. சண்டை நடந்திருந்தால் நல்லது. அவள் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தால் வந்து பேப்பரை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போனாள். அடுத்த நாளிலிருந்து சோறு போட்டு, தட்டை மூடி வைத்திருப்பாள். தேத்தண்ணியும் இருக்கும், எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறதென்று சீனி குறைத்துத்தான். என் சாறனைக் கழுவி மடித்து வைத்திருப்பாள். எல்லாம் சரியாக இருக்கும், "வாப்பா" என்ற சொல் மட்டும் இருக்காது. முகத்தைப் பார்க்க மாட்டாள். ஒன்பது நாள் பொறுத்தேன்.

அது அவள் வீடு. கல்யாணத்துக்கு நான் எழுதிக் குடுத்தது. எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும்தானே, வீடு மகளுக்கு, வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் அதில் ஒரு அறை. மருமகன் நௌஃபர் கத்தாரில் இருந்தாலும் அது அவர்களுடைய வீடுதான். மகள் முகம் குடுத்துக் கதைக்கிற வரைக்கும் அது எனக்கும் வீடு. கதைக்காவிட்டால் நான் அங்கே விருந்தாளி. அதுதான் பேக்கைத் தூக்கிக்கொண்டு மகனிடம் வந்தேன். அஸ்ஹானுக்கு ஒன்றும் தெரியாது. அவன் பேப்பர் வாசிக்கிற ஆள் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

அவள் கோபப்படுவது நியாயம். ஹாஜரா பின்னேரம் அஸர் நேரம் நெஞ்சு நோகுது என்றாள். லொறி வாசலில் நின்றது. நான் அவள் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியும். த்ரீவீலில் பத்து நிமிஷம். ஒவ்வொரு நாளும் அந்தப் பத்து நிமிஷத்தை நான் போய் வருகிறேன்.

இங்கே விடியச் சுபஹு தொழுதுவிட்டு களப்போரம் நடக்கிறேன். துணைக்கு ஊர்க் கழுதைகள். பணிஸ் போட்டால் தின்னும், திரும்பிப் பார்க்காது. சூட்டி என்றால் வாலை ஆட்டியே ஒரு மாதிரி ஆக்கிவிடுவாள். இதை எழுதும்போதே உன்னை நினைக்கப் பயமாக இருக்கிறது எனக்கு, இந்தக் கழுதைகளும் பேப்பரில் வந்துவிடுமோ என்று. என் கடிதங்களை நீ பைலில் போட்டு வைத்திருப்பாய்.

ஒன்றும் செய்யாதே. சும்மா இரு. அதுதான் உதவி.

முஸம்மில்


கற்பிட்டி
2025 யூலை 28

அன்புள்ள முஸம்மில்,

சும்மா இருக்கச் சொன்னாய். நான் இருக்கவில்லை. ஏசுவதென்றால் முழுவதையும் வாசித்துவிட்டு ஏசு.

நேற்று ஞாயிறு. பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் சூட்டியையும் கூட்டிக்கொண்டு நேரே உன் மகளிடம் போனேன். ஸும்றா கேற்றைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை. மெலிந்துபோயிருக்கிறாள். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறக்குமுன் அவளே கேட்டாள்.

"அங்கிள், ஒண்டே ஒண்டு கேக்கிற. அந்த இஞ்சித் தண்ணிக் கதை வாப்பா செல்லினதா, நீங்க போட்டதா?"

வீட்டிலிருந்து போகும்போது நான் வேறு ஒன்றையும் நினைத்துப் போகவில்லை. ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்ததும் வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

"நான் போட்டது மகள். எழுதேக்க அப்பிடி ஒண்டு தேவைப்பட்டுது. வாப்பா எனக்கு அப்பிடி ஒண்டும் சொல்லேல்ல."

"அப்ப வாப்பா உம்மாக்கு அப்பிடிச் செல்லவே இல்லயா?"

"இல்லை மகள். அப்பிடி ஒண்டும் நடக்கேல்ல."

அவள் கேற்றிலிருந்து கையை எடுத்தாள். பிறகு "சரி அங்கிள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கேற்றைச் சாத்தவும் இல்லை. நான் போகவா நிற்கவா என்று தெரியாமல் நின்றபோது உள்ளே அழுகிற சத்தம் கேட்டது. பெரிய அழுகை. மனப் பாரம் இறங்கி அழுகிறாள் என்று நினைத்தேன்.

கேட்கிறவர்களிடம் எல்லாம் நான் ஒரு வரிகூடப் பொய் எழுதாதவன் என்று சொல்கிறவன். அந்தப் பெயரை உனக்காகக் கேற்றடியில் விட்டுவிட்டு வந்தேன். போனதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. இனி நீ வரலாம். அவள் உன்னோடு கதைப்பாள். சூட்டி அவ்வளவு நேரமும் என் காலடியில் வாலை ஆட்டாமல் இருந்தாள், அது மட்டும்தான் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

தனிஸ்


புத்தளம்
02.08.2025

தனிஸ்,

மறுபடியும் என் வீட்டுக் கதையை நீ எழுதிவிட்டாய்.

பேப்பரில் உண்மையை எழுதினாய். கேற்றடியில் நின்று பொய்யை எழுதினாய். இரண்டு தரமும் என்னிடம் கேட்கவில்லை. பெரிய தியாகம் செய்ததாக வேறு நினைத்துக்கொண்டிருக்கிறாய். உன் நல்ல பெயர் போய்விட்டதாம்! ஹாஜரா கடைசியாகச் சொன்ன சொல், நான் அவளுக்குச் சொன்ன கடைசிச் சொல், அதையும் நடக்கவில்லை என்று நீ அழித்துவிட்டாய். நான் அவளுக்குச் செய்தது கெட்டதுதான், ஆனால் அது நடந்தது. அதற்காகத்தான் ஒவ்வொரு வக்துத் தொழுகையிலும் தௌபா கேட்கிறேன். நடக்காததற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது?

உன் பொய்க்கு மேலே குந்தியிருந்து என் மகளின் கையால் நான் தேத்தண்ணி குடிப்பதா? தொண்டையில் இறங்குமா?

வருகிற வெள்ளி ஜும்ஆ முடிய பஸ் எடுக்கிறேன். நானே சொல்கிறேன். வாப்பாவை வெறுக்கிறதென்றால் அவள் சரியான காரணத்துக்கு வெறுக்கட்டும். உன் வீட்டுப் பக்கம் வர மாட்டேன். நீயும் வராதே.

முஸம்மில்


கற்பிட்டி
2025 ஓகஸ்ட் 11

முஸம்மில்,

நீ வந்தாய், போனாய் என்று தெரியும். நான் வரவில்லை. வெள்ளி பின்னேரம் முழுக்க வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். றோசமேரி இரண்டு தடவை வந்து எனக்குக் காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தாள்.

சனி விடிய சூட்டி சங்கிலியைக் கழற்றிக்கொண்டு ஓடிவிட்டாள். தேடி வந்தபோது உன் கேற்றடியில் படுத்திருந்தாள். நீ அதற்குள் முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டாயாம். அவளுக்கு முன்னால் ஒரு தேங்காய் மட்டை கிடந்தது, அதில் சீனித் துகளும் எறும்பும். யார் வைத்தது என்று நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. அவளைக் கூப்பிட்டேன், ஒரு தடவையிலேயே எழும்பி வந்தாள்.

இந்தக் கிழமை "கரைநடை" வராது. காற்றைப் பற்றி எழுதலாம் என்று குந்தினேன். காற்றில் ஒரு கிழவியின் குடை திரும்பியதை எழுதப் போய், அந்தக் கிழவி யார், அவளுடைய மகன் வாசிப்பானா என்று யோசித்தேன். பிறகு நாய்க்குட்டி ஒன்றை எழுதப் பார்த்தேன். அதற்கும் ஒரு சொந்தக்காரன் இருக்கிறான். மூன்று மணித்தியாலத்தில் நாலு வரி. அதையும் கிழித்துவிட்டேன். இருபது வருஷமாக இந்தக் கேள்வி எனக்கு ஏன் வரவில்லை என்பதுதான் இப்போது என்னைப் போட்டு வாட்டுகிறது.

ஸும்றா என்ன சொன்னாள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. நீ சுகமாகப் போய்ச் சேர்ந்தாயா என்று மட்டும் எழுது.

தனிஸ்


புத்தளம்
17.08.2025

தனிஸுக்கு,

சுகமாகச் சேர்ந்தேன். உனக்குச் சொல்வதா விடுவதா என்று ஒரு கிழமை யோசித்தேன். நீ தொடக்கி வைத்தது, முடிவு தெரியாமல் இருந்தால் நீயாகவே ஒரு முடிவு கட்டுவாய். அதற்கு நானே சொல்வது நல்லது.

போனேன். ஸும்றா சோற்றைப் போட்டாள். நான் கையை வைக்கவில்லை. "மகள், தனிஸ் அங்கிள் உங்களுக்குச் சொன்னது பொய். பேப்பரில வந்ததுதான் உண்மை. உம்மா நெஞ்சு நோகுது எண்டா. நான் இஞ்சித் தண்ணி குடிக்கச் சொல்லிட்டு லொறிக்குப் போன. நீங்க என்னோட கதைக்காட்டியும் பரவால்ல, ஆனா நடந்தது இதுதான்" என்று சொன்னேன். இரண்டு மாதமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த சொல். 

அவள் கதிரையில் அப்படியே குந்திவிட்டாள். அப்புறம் என்ன சொன்னாள் தெரியுமா?

"வாப்பா, உம்மா எனக்கும் கோல் எடுத்த. நான் ஸ்கூலில சோதனைத் தாள் திருத்திக்கொண்டு நிண்ட. நெஞ்சு எரியுது மகள் எண்டு செல்லின. நானும் இஞ்சித் தண்ணி குடிங்க உம்மா, வந்து பாக்கிற எண்டு செல்லிட்டு வெச்ச."

தனிஸ், என் பிள்ளை ஒன்பது மாதமாக இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். பேப்பரில் அந்த வரியைப் பார்த்ததும், உம்மா கோல் எடுத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டதோ, அதைச் சொல்லிக் காட்டத்தான் உன்னைக் கொண்டு எழுதுவித்தேனோ என்று நினைத்திருக்கிறாள். அந்தப் பயத்தில்தான் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கோபம் என்று நினைத்தேன். அவளும் என்னுடைய கோபம் என்றுதான் நினைத்திருக்கிறாள். ஒரே வீட்டில், ஒரே சட்டிச் சோற்றைத் தின்றுகொண்டு.

பிறகு நீ போய் எல்லாம் பொய் என்று சொன்னாய் அல்லவா? அன்றைக்கு ஏன் அழுதாள் என்று கேட்டேன். "அப்ப வாப்பா செல்லவே இல்ல, நான் மட்டும்தான் செல்லியிருக்கன் எண்டு நெனச்ச வாப்பா. நான்தான் உம்மாவ விட்ட எண்டு." நீ மனப் பாரம் இறங்கினது என்று எழுதியிருந்தாய். முழுப் பாரத்தையும் அவள் தலையில் ஏற்றிவிட்டு வந்திருக்கிறாய்.

அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் குந்தி அழுதோம். ஹாஜரா போன பிறகு முதல் தடவை. சோறு ஆறிவிட்டது, அவள் திரும்பச் சூடாக்கித் தந்தாள். "வாப்பா, கறிக்கு உப்பு காணுமா?" என்று கேட்டாள். கறிக்கு உப்பே இல்லை. நான் காணும், போதும் என்று சொன்னேன்.

அடுத்த மாதம் முதல் கிழமை ஊருக்கு வந்துவிடுவேன். உன் மேல் கோபம் கிடக்கிறது, ஆனால் அது பெரிசில்லை. நாற்பது வருஷம் ஒன்றாக நடந்தவனை எத்தனை நாளைக்குக் கோபிக்கிறது? வேறொன்றுதான் இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் நான் உன்னைப் போலப் பொய்க்காரன் ஆகிவிடுவேன். எனக்கு உன்னோடு கதைக்கப் பயமாக இருக்கிறது. நீ எழுத மாட்டேன் என்று சத்தியம் பண்ணுவாய். பண்ணினதைக் காப்பாற்றவும் செய்வாய். ஆனால் நான் கதைக்கும்போது உன் முகத்தில் ஒரு இடம் சும்மா இருக்காது, எனக்கு அது தெரியும். இனி நான் உன்னோடு காற்றையும் வலையில் பட்ட மீன் பாட்டையும்தான் கதைப்பேன். ஹாஜராவைப் பற்றி ஏதாவது சொல்ல வந்தால் சூட்டியிடம் சொல்வேன். அவள் எழுத மாட்டாள்.

இதற்குப் பதில் போடத் தேவையில்லை.

முஸம்மில்


கற்பிட்டி
2025 ஓகஸ்ட் 23

அன்புள்ள முஸம்மில்,

பதில் தேவையில்லை என்றாய். இது பதில் இல்லை, ஒரு பொதி. உன் நாலு கடிதங்களும் இதோடு இருக்கின்றன. பைலில்தான் வைத்திருந்தேன், நீ சொன்னது சரி. நீ எழுதிய கடைசிக் கடிதத்தை வாசிக்கும்போது, "கறிக்கு உப்பு காணுமா" என்ற இடத்துக்கு வந்ததும் என் கை தன்பாட்டில் பென்சிலைத் தேடியது. கோடு போடுவதற்கு. அப்படியே எழும்பிப் போய்க் கடித உறையை எடுத்து வந்தேன். என் முகத்தில் சும்மா இராத இடம் எது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இந்தக் கடிதத்துக்கும் பிரதி எடுக்கவில்லை.

ஸும்றாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். இந்த முறை உன்னிடம் கேட்காமல் போனது அதற்கு மட்டும்தான். அதிகம் கதைக்கவில்லை. "பிழை விட்டிட்டன் மகள், ரெண்டு தரம்" என்றேன். அவள் தேத்தண்ணி தந்தாள். நல்ல கசப்பு. முழுவதையும் குடித்தேன்.

றோசமேரியிடமும் அவளுடைய அம்மாவைப் பற்றி மன்னிப்புக் கேட்டேன். "சரி, சரி, போய்ச் சூட்டியைக் குளிப்பாட்டுங்கள்" என்றாள். எட்டு வருஷத்துக்கு அவ்வளவுதானா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

நீ வந்த பிறகு நான் ஒரு ஏற்பாடு யோசித்திருக்கிறேன். பிடிக்காவிட்டால் சொல். சுபஹு முடிந்து நீ வரும்போது சூட்டி என் கேற்றடியில் நிற்பாள். சங்கிலியைக் காய வைத்து மதிலில் போட்டிருப்பேன். ஒரு வாளித் தண்ணீரும், ஒரு சிரட்டையில் கடற்கரையில் அள்ளின சுத்தமான மண்ணும் பக்கத்தில் இருக்கும். நீ அவளைக் கூட்டிக்கொண்டு முன்னால் நட. அவளுக்கு இப்போது கால் இழுக்கிறது, மெதுவாகப் போ, பணிஸில் வாலை மட்டும் கொடு, மிச்சம் செமிக்காது. நான் பின்னால் வருவேன், சொல் கேட்காத தூரத்தில். எனக்குக் காற்றும் மீன் பாட்டும் போதும், தேத்தண்ணிக் கடையில் அதைக் கதைப்போம்.

சோளகம் எந்தப் பக்கத்தால் வீசினாலும் நான் அதற்குத் தக்கபடி தள்ளி நடப்பேன். நீ அவளோடு என்ன கதைத்தாய் என்று கேட்க மாட்டேன். திரும்பி வந்து மதிலடியில் நீ கை கழுவும்போது நான் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

எண்ண மாட்டேன்.

தனிஸ்லாஸ்